வெளியிட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது

ஓர் உள்ளாட்சி அமைப்பின் இணையதளத்தையும் சமூக ஊடகக் கணக்குகளையும் மேற்பார்வையிடும் பொறுப்பில் இருக்கிறேன் என்று சொன்னால், விழாப் படங்களை ஏற்றுவதும் தலைவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளைப் பதிவிடுவதும் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணுவதும்தான் இந்த வேலை என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அவையும் நடக்கின்றன. ஆனால் அவை இந்தப் பொறுப்பின் மிகச் சிறிய பகுதி. தனி ஒருவர் தம் பக்கத்தில் தவறான செய்தியை எழுதினால் படிப்பவர் கடந்து போய்விடலாம். உள்ளாட்சி அலுவலகம் எழுதுவதையோ மக்கள் நம்பிக் காரியத்தில் இறங்குகிறார்கள். சான்றிதழுக்கு எந்தெந்த ஆவணங்கள் தேவை என்று நம் பக்கத்தில் பார்த்துவிட்டு அரை நாள் விடுப்பு எடுத்து வருகிறார்கள். முகாம் நடக்கும் இடம் என்று நாம் குறிப்பிட்ட முகவரிக்குக் கைக்குழந்தையோடு போய் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் எழுதப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கலாம், எழுதியவர் பணிமாறுதலில் போயிருக்கலாம், விதியும் மாறியிருக்கலாம். படிப்பவருக்கு அது இன்று அரசு சொல்லும் சொல். ஆகவே, புதிதாக என்ன வெளியிடலாம் என்பதைவிட, வெளியிட்டது இன்றும் உண்மையாக இருக்கிறதா என்பதே என் மேசையில் முதலில் வரும் கேள்வி.

இதை ஒரு சாதாரண அறிவிப்பை வைத்தே விளக்கலாம். குடிநீர்ப் பிரிவிலிருந்து வரும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பிரதானக் குழாய் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால் நாளை கீழ்க்கண்ட பகுதிகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் இதில் முழுமையாக இல்லை. எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு பிடித்து வைக்க வேண்டும், லாரியில் தண்ணீர் வருமா, வந்தால் எங்கே நிற்கும், திரும்ப வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது? "கீழ்க்கண்ட பகுதிகள்" என்ற பட்டியலும் பல நேரங்களில் பொறியியல் பிரிவு தனக்காக வைத்திருக்கும் மண்டல எண்களில் இருக்கும்; அங்கே குடியிருப்பவருக்குத் தம் வீடு எந்த மண்டலத்தில் வருகிறது என்று தெரியாது.

அந்தக் குறிப்பை நாங்கள் மாற்றி எழுதும்போது முதல் வரியிலேயே கிழமையும் தேதியும் நேரமும் வந்துவிடும்: "செவ்வாய்க்கிழமை, 14ஆம் தேதி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை இந்தத் தெருக்களில் குழாயில் தண்ணீர் வராது." தெருக்களின் பெயர்கள் அதற்கு அடுத்து. லாரி நிற்கும் இடமும் அழைக்க வேண்டிய எண்ணும் அதற்கடுத்து. காரணம் கடைசியில். காரணத்தை முதலில் எழுதுவது அலுவலகப் பழக்கம். படிப்பவருக்கு வேண்டியது விளைவு.

"நாளை" என்ற சொல்லை எங்கள் பதிவுகளில் அனுமதிப்பதே இல்லை. பதிவோடு இணைக்கும் படம் வாட்ஸ்அப்பில் தனியாகப் பிரிந்து போய்விடும். எழுதிய நாளும் எழுதியவர் யார் என்பதும் அதனோடு போவதில்லை. மூன்று நாள் கழித்து ஒரு குடியிருப்புக் குழுவில் அது வந்து விழும்போது அங்கே படிப்பவருக்கு "நாளை" என்பது வேறொரு நாள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் யாரோ அதை மீண்டும் அனுப்பினால், நாங்கள் வெளியிட்ட உண்மையான அறிவிப்பே வதந்தியாகிவிடும். எனவே தேதி, மாதம், ஆண்டு, வெளியிட்ட நேரம், அறிவிப்பு இருக்கும் இணையதள முகவரி ஆகிய ஐந்தும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படத்தின் அழகு குறைகிறது என்று வடிவமைப்பாளர்கள் வருத்தப்படுவதுண்டு. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பணி எப்போது முடியும் என்று கேட்டால் பொறியாளர்கள் தயங்குவார்கள். நேரத்தைச் சொல்லிவிட்டு அதற்குள் முடியாமல் போனால் திட்டு வாங்குவது தாங்கள்தான் என்பது அவர்கள் தரப்பு. அது நியாயமான அச்சம். ஆனால் முடியும் நேரம் உறுதியாகத் தெரியாதபோதும் ஒரு நேரத்தை மட்டும் நாம் உறுதியாகச் சொல்ல முடியும்: அடுத்த தகவலை எப்போது தருவோம் என்பதை. "பணி மாலை 5 மணிக்குள் முடியும் என எதிர்பார்க்கிறோம், மாலை 4 மணிக்கு நிலையை இதே பக்கத்தில் தெரிவிப்போம்" என்று எழுதிவிட்டு, நான்கு மணிக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "பணி தொடர்கிறது" என்று எழுதினால், மக்களின் பொறுமை எவ்வளவு நீள்கிறது என்பதை இந்த வேலையில் இருக்கும் எவரும் கண்டிருப்பார்கள். அதைவிட அதிகமாக மறக்கப்படுவது முடிவு அறிவிப்பு. நிறுத்தத்தை அறிவிக்கும் துறைகள் தண்ணீர் வந்துவிட்டது என்று அறிவிப்பதில்லை. அதனால் பழைய அறிவிப்பு பக்கத்தின் மேல் அப்படியே நிற்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பை ஏற்றும்போதே அது காலாவதியாகும் நேரத்தையும் நிரப்பினால்தான் படிவம் முன்னே நகரும். அந்த நேரம் வந்ததும் அது முகப்பிலிருந்து இறங்கிக் காப்பகத்துக்குப் போய்விடும்.

சமூக ஊடகம் இருக்கும்போது இணையதளம் எதற்கு என்று கேட்பவர்கள் நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அங்கேயே சொல்லிவிடலாமே என்பது அவர்கள் வாதம். மக்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த இடம் நம்முடையது அல்ல என்பதும் உண்மை. 2021 பிப்ரவரி 18ஆம் தேதி, செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தருவது குறித்த சட்ட முன்வரைவை எதிர்த்து, ஃபேஸ்புக் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் செய்திப் பக்கங்களை முடக்கியது. அந்த முடக்கத்தில் வானிலை ஆய்வு மையத்தின் பக்கமும், மாநிலச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும், தீயணைப்பு மற்றும் அவசரச் சேவைப் பக்கங்களும் சேர்ந்து சிக்கிக்கொண்டன. பெருந்தொற்றுக் காலம் அது. பக்கங்கள் பிறகு மீட்கப்பட்டன என்றாலும், யாரோ ஒருவருடைய வணிகத் தகராறில் ஒரு சுகாதாரத் துறையின் குரல் சில மணி நேரம் அடைபட்டுப் போனது. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலற்றுப் போயின.

ட்விட்டரின் கதையும் இப்படித்தான். 2020 ஜூலை 15ஆம் தேதி புகழ்பெற்றோரின் கணக்குகள் பல ஒரே நேரத்தில் ஊடுருவப்பட்டபோது, அந்த நிறுவனம் சரிபார்க்கப்பட்ட கணக்குகள் எல்லாவற்றையும் பதிவிட முடியாதபடி தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அந்த நேரத்தில் இல்லினாய் மாநிலத்தின் லிங்கன் நகரில் இருக்கும் வானிலைச் சேவை அலுவலகம் சுழற்காற்று எச்சரிக்கையை அங்கே பதிவிட முடியாமல் போனது. 2023 ஏப்ரலில், தானியங்கிப் பதிவுகளுக்கான வசதிக்குக் கட்டணம் விதிக்கப்பட்டதை ஒட்டி, நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் ரயில், பேருந்துச் சேவை அறிவிப்புகளை அங்கே வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பொதுச் சேவைகளுக்குக் கட்டணம் இல்லை என்று அந்த நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்ட பிறகே திரும்பி வந்தது. இவற்றில் எந்த முடிவும் அந்த அரசு அமைப்புகளைக் கேட்டு எடுக்கப்பட்டதல்ல.

ஆதலால் எங்கள் விதி எளிமையானது. எந்தத் தகவலும் சமூக ஊடகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. முதலில் இணையதளத்தில் ஒரு பக்கம். பிறகு அந்தப் பக்கத்தின் முகவரியோடு சமூக ஊடகப் பதிவு. தகவல் மாறினால் திருத்தப்படுவது அந்தப் பக்கம். ஏற்கெனவே பகிரப்பட்ட எல்லா இணைப்புகளும் திருத்தப்பட்ட தகவலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஃபேஸ்புக் கணக்கு இல்லாதவர், கணக்கு வைத்துக்கொள்ள விரும்பாதவர், பழைய கைபேசியில் மெதுவான இணைப்போடு இருப்பவர் ஆகியோருக்கும் உள்ளாட்சியின் செய்தி போய்ச் சேர வேண்டும். அதைப் படிக்க ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குத் தொடங்குமாறு எந்தக் குடிமகனையும் நாம் நிர்பந்திக்க முடியாது. இதே காரணத்துக்காக, நெருக்கடி நேரத்துக்கென்று படமோ அசைவோ இல்லாத, எழுத்து மட்டுமே கொண்ட ஒரு முகப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வரும் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது, முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும் படக்காட்சிதான் முதலில் சர்வரைப் படுக்க வைக்கும்.

நெருக்கடி நேரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஹவாய் நிகழ்வைச் சொல்வேன். 2018 ஜனவரி 13ஆம் தேதி காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்ற எச்சரிக்கை அந்த மாநிலத்து மக்களின் கைபேசிகளுக்குத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. அது தவறு என்ற மறுப்பு கைபேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. ஆளுநர் டேவிட் இகேவுக்கு 8.09 மணிக்கே உண்மை தெரியும். அவருடைய கணக்கில் மறுப்பு வெளியானது 8.24 மணிக்கு. தம் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அவரே பிறகு வெளிப்படையாகக் கூறினார். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு குளியலறையில் ஒளிந்திருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும்? இந்தச் செய்தியைப் படிக்கும் பலர் ஆளுநரைக் குறை சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது நிர்வாக ஏற்பாட்டின் குறை. உயர் பதவியில் இருப்பவர் கடவுச்சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கும் விடுமுறை நாளிலும் அவருடைய பெயரால் ஒரு மறுப்பை உடனே வெளியிட அதிகாரம் பெற்ற இருவர் இருக்க வேண்டும், அவர்கள் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் வெளியிடத்தக்க வாசகங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எச்சரிக்கைக்கு எழுதி வைத்தால் போதாது. "முந்தைய எச்சரிக்கை தவறானது" என்பதற்கும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் காவல் துறை, பரவிக்கொண்டிருந்த வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கென ஒரே குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) வைத்து மறுத்து வந்தது. மக்கள் எதை நம்புவது என்று தெரியாதபோது அந்தக் குறிச்சொல்லைத் தேடினால் போதும் என்ற நிலை உருவானது. வதந்தியை மறுக்கும்போது வதந்தியின் வாசகத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன் மேல் "பொய்" என்று முத்திரை குத்தும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் பெரிய எழுத்துதான் படும். உண்மை முதல் வரியில் வர வேண்டும். வதந்தியைப் பற்றிய குறிப்பு அதன் கீழே சிறிதாக இருந்தால் போதும்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கிய இரவில், அந்த நகரத் தீயணைப்புத் துறையின் ட்விட்டர் கணக்கை ஒரே ஓர் ஊழியர் கவனித்துக்கொண்டிருந்தார். அவசர உதவிக்குத் தொலைபேசியில்தான் அழைக்க வேண்டும், இங்கே எழுதக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அழைப்பு கிடைக்காமல் அங்கே எழுதியவர்களைக் கைவிடாமல் அவர்கள் சொன்னதைக் கட்டுப்பாட்டு அறைக்கும் சேர்ப்பித்தார். இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும் என்பதே சரி. விதி இருக்கிறது என்பதற்காக, மாடியில் சிக்கியிருக்கிறேன் என்று எழுதுபவரிடம் படிவத்தை நிரப்புங்கள் என்று சொல்ல முடியாது.

கணக்குகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த பெரிய விஷயம். உள்ளாட்சி அமைப்புகளில் ஃபேஸ்புக் பக்கத்தை ஒரு காலத்தில் யாரோ ஆர்வமுள்ள ஊழியர் தம் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கியிருப்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவரே அட்மினாக இருப்பார். யூடியூப் கணக்கு ஒப்பந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கும். டொமைன் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் எவரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பொறுப்புக்கு வருகிறவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது பதிவிடுவது அல்ல. அலுவலகத்தின் பெயரில் எங்கெங்கே என்னென்ன கணக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த மின்னஞ்சலோடும் எந்தத் தொலைபேசி எண்ணோடும் இணைந்திருக்கிறது, யார் யாருக்கு நுழைவுரிமை உண்டு என்று பட்டியலிடுவது. கணக்கு பதவிக்கு உரியது, நபருக்கு உரியதன்று. பணியிலிருந்து விடுவிக்கும் ஆணையில், அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைப்பது போலவே, நுழைவுரிமை நீக்கப்பட்டதற்கும் ஒரு கையொப்பம் இருக்க வேண்டும்.

பெரிய அமைப்புகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 2024 ஜனவரி 9ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கைக் கைப்பற்றியவர்கள், பிட்காயின் நிதித் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொய்யாகப் பதிவிட்டார்கள். கணக்கோடு இணைந்திருந்த தொலைபேசி எண்ணை வேறொரு சிம் கார்டுக்கு மாற்றிக்கொண்டு, அதன் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். அந்தக் கணக்கில் கூடுதல் சரிபார்ப்பு முறை 2023 ஜூலையிலேயே, நுழைவதில் ஏற்பட்ட சிக்கல் காரணமாக, அலுவலர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நீக்கப்பட்டிருந்தது. கணக்கு பறிபோகும் வரை அது மீண்டும் இயக்கப்படவில்லை. வசதிக்காகத் தற்காலிகமாக எடுத்துவிடுவோம் என்று தொடங்குவது ஆறு மாதம் நீண்டுவிடுகிறது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை மட்டும் நம்பாமல், அங்கீகாரச் செயலியையோ, கையில் வைத்துக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியையோ பயன்படுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இணையதளத்துக்கும் இதே கவனம் தேவை. நாம் எழுதாத நிரல்கள் நம் பக்கத்தில் ஓடுகின்றன என்பதை நிர்வாகத்தினர் பலர் அறிவதில்லை. 2018 பிப்ரவரி 11ஆம் தேதி, பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்ட உதவும் பிரவுஸ்அலவுட் என்ற கருவியின் நிரலில் யாரோ கைவைத்துவிட, அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களுக்கு வந்தவர்களின் கணினிகள், அவர்களுக்குத் தெரியாமலே மறையாக்க நாணயத்தை (கிரிப்டோகரன்சி) உருவாக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டன. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகமும் பல உள்ளாட்சி மன்றங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. வெளியிலிருந்து ஏற்றப்படும் ஒவ்வொரு நிரலுக்கும் இது எதற்கு, இல்லாவிட்டால் என்ன கெடும் என்ற கேள்வியைக் கேட்டு, பதில் இல்லாதவற்றை நீக்கிவிட வேண்டும்; தவிர்க்க முடியாதவற்றுக்கு, நிரல் மாறினால் உலாவி அதை ஏற்காதபடி செய்யும் சரிபார்ப்பு வசதி இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். கையொப்பமும் முத்திரையும் இட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றுவது அரசு அலுவலகங்களின் ஆழ்ந்த பழக்கம். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளோடு அந்தக் கோப்பைத் திறந்தால், அவருக்குக் கோப்பின் பெயரும் பக்க எண்ணும் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. இரண்டு பக்கச் சுற்றறிக்கை முழுவதும் மென்பொருளுக்கு ஒரு படம். அந்தச் சுற்றறிக்கை மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைப் பற்றியதாகவே இருந்தாலும் இதுதான் நிலைமை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளும் இதே வகையில் சேரும்: கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, வாசிக்கும் மென்பொருளுக்கும் தேடுபொறிக்கும் பொருளற்ற எழுத்துக் குவியல். பார்வையுள்ளவருக்கும் இதில் இழப்பு உண்டு; அந்த அறிவிப்பைத் தேடினால் கிடைக்காது, கைபேசியில் திறந்தால் விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும்.

இதற்கான தரநிலைகள் புதியவை அல்ல. உலகளாவிய வலைச் சங்கம் வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.1 பதிப்பு 2018இல், 2.2 பதிப்பு 2023இல். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கொண்டுவந்த ஆணை, பொதுத் துறை இணையதளங்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதோடு, எது அணுகத்தக்கதாக இல்லை என்பதை அந்தத் தளமே ஓர் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. அமெரிக்க நீதித் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதி, மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் 2.1 பதிப்பின் இரண்டாம் நிலையை அளவுகோலாக வைத்தது. அவ்வமைப்புகள் சமூக ஊடகங்களில் வெளியிடும் புதிய பதிவுகளும் அதற்குள் வருகின்றன. வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும் வடிவமைப்பை நான் திருப்பி அனுப்புவது என் ரசனையைச் சார்ந்ததல்ல. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. காணொளிக்குக் கீழே வசன வரிகள், படத்துக்கு அதிலுள்ள செய்தியை முழுமையாகச் சொல்லும் மாற்று உரை, ஸ்கேன் கோப்புக்குப் பதிலாக எழுத்தாகவே ஒரு பக்கம் ஆகியவை பெரிய செலவு கோருபவை அல்ல. கையொப்பமிட்ட நகல் சான்றாக வேண்டுமானால், எழுத்துப் பக்கத்தின் அடியில் அதையும் இணைத்துக்கொள்ளலாம்.

பின்னூட்டங்களைப் பற்றி நிர்வாகத்தில் இருப்பவர்களோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வரும். கடுமையான விமர்சனத்தைப் பார்த்ததும் நீக்கிவிடுங்கள் என்ற தொலைபேசி அழைப்பு வரும். ஒருவர் நிர்வாகத்தைத் திறமையற்றது என்று எழுதுவதும், சாலை போட்ட ஒரே மாதத்தில் பெயர்ந்துவிட்டது என்று படத்தோடு எழுதுவதும் நீக்கத்தக்கவை அல்ல. அவற்றை நீக்கினால் அந்தக் கருத்து மறைந்துவிடாது. நீக்கியதற்கான திரைப்பிடிப்பு ஊர் முழுதும் போய்ச் சேரும். நீக்க வேண்டியவை எவை என்பதை முன்கூட்டியே எழுதி, பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்: மிரட்டல், ஆபாசம், வணிக விளம்பரம், பிறருடைய அந்தரங்கத் தகவல். கடைசியாகச் சொன்னதில் தம்முடைய சொந்தத் தகவலைப் போடுபவர்களும் அடங்குவார்கள். புகார் சொல்லும் ஆர்வத்தில் வீட்டு முகவரி, கைபேசி எண், அடையாள எண் எல்லாவற்றையும் பொதுவெளியில் எழுதிவிடுகிறார்கள். அதை உடனே மறைத்துவிட்டு, தனிச் செய்தியில் அவர்களைத் தொடர்புகொள்வது எங்கள் வழக்கம். நீக்கும் எதையும் நீக்குவதற்கு முன் காரணத்தோடு பதிவேட்டில் சேமிக்கிறோம். பொது அமைப்பின் பக்கத்தில் இருப்பது ஆவணம். அதை அழித்தவர் யார், ஏன் அழித்தார் என்று நாளை ஒருவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

இதில் நீதிமன்றங்களும் தலையிட்டிருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் கவுன்டி என்ற உள்ளாட்சி அமைப்பின் வாரியத் தலைவர், தம் பதவிப் பெயரில் நடத்திய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து ஒரு குடிமகனை அரை நாள் மட்டும் தடுத்து வைத்தார். அந்த அரை நாளும் பேச்சுரிமையை மீறியதே என்று 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹுரான் நகர மேலாளரின் வழக்கு இன்னும் நுணுக்கமானது. கல்லூரிக் காலத்தில் அவர் தொடங்கிய பக்கம் அது; மனைவி, மகளின் படங்களும் நகராட்சிச் செய்திகளும் அதில் கலந்தே இருந்தன. விமர்சித்த ஒருவரை அவர் தடுத்தார். 2024 மார்ச் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வகுத்த அளவுகோல் இது: அந்த அலுவலருக்கு அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் இருந்ததா, அந்தப் பதிவில் அவர் அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகத் தோன்றியதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு பதிவில் ஒரு கருத்தை நீக்குவதைவிட ஒருவரையே முற்றாகத் தடுப்பது அதிகச் சிக்கலானது என்பதையும் நீதிமன்றம் சுட்டியது, ஏனென்றால் தடுக்கப்பட்டவர் அந்தப் பக்கத்தின் எல்லாப் பதிவுகளிலிருந்தும் விலக்கப்படுகிறார். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு என்றாலும், பதவியில் இருப்போருக்கு நான் சொல்லும் அறிவுரைக்கு இந்த வழக்கு நல்ல ஆதாரம்: சொந்தக் கணக்கையும் பதவிக் கணக்கையும் பிரித்து வையுங்கள், நகராட்சி அறிவிப்பை உங்கள் சொந்தப் பக்கத்தில் முதலில் வெளியிடாதீர்கள், பதவி போன பிறகு பதவிக் கணக்கை அடுத்தவருக்கு விட்டுச் செல்லுங்கள்.

பின்னூட்டத்தில் வரும் புகார் புகார்ப் பதிவேட்டில் ஏறாவிட்டால் அது புகாரே அல்ல. "உங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலை நாங்கள் கைவிட்டுவிட்டோம். பதிவேட்டில் ஏற்றி, எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணை வைத்து நிலையைப் பார்க்கும் இணைப்பையும் கொடுத்தால்தான் அது பதில். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதியவருக்கு, எரிய ஆரம்பித்த பிறகு அதே பின்னூட்டத்தின் கீழ் ஒரு வரி எழுதுவது, எந்த விளம்பரப் படத்தையும்விட நிர்வாகத்தின் மீது நம்பிக்கை சேர்க்கும். அந்த வரியை எழுத வேண்டுமானால், விளக்கைச் சரிசெய்தவர் எங்களிடம் சொல்ல வேண்டும். துறைகளுக்கும் எங்களுக்கும் இடையேயான அந்தத் தொடர்பை உண்டாக்குவதில்தான் என் உழைப்பின் பெரும்பகுதி போகிறது.

பழைய பக்கங்களின் பிரச்சினைக்கு நாங்கள் கண்டிருக்கும் வழி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உரிமையாளரை வைப்பது. எங்கள் பிரிவு எதற்கும் உரிமையாளர் அல்ல. சொத்து வரிப் பக்கத்துக்கு வருவாய்ப் பிரிவில் ஒரு பதவி, பிறப்பு இறப்புச் சான்றிதழ் பக்கத்துக்குச் சுகாதாரப் பிரிவில் ஒரு பதவி. பக்கத்தின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கும். ஆறு மாதமாக யாரும் சரிபார்க்காத பக்கத்தில், தகவல் பழையதாக இருக்கலாம், வருமுன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள் என்ற வரி தானாகத் தோன்றும். அந்த வரி தோன்றுவதைத் துறைத் தலைவர்கள் விரும்புவதில்லை. அதனாலேயே பக்கங்கள் சரிபார்க்கப்படுகின்றன. பழைய முகவரிகளை ஒருபோதும் வெறுமனே அழிப்பதில்லை. புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறோம், ஏனென்றால் அவை ஏற்கெனவே துண்டுப் பிரசுரங்களிலும் பிறருடைய பக்கங்களிலும் அச்சேறிக் கிடக்கின்றன. தீர்மானங்களும் ஒப்பந்தப் புள்ளிகளும் காலாவதியானாலும் காப்பகத்தில் இருக்கும். எப்போது என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று பார்க்கும் உரிமை மக்களுக்கு எப்போதும் உண்டு.

பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அறிக்கையை மாதந்தோறும் மேலிடத்துக்குத் தருகிறேன். நான் படிப்பது வேறோர் அறிக்கையை. இணையதளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன எழுதித் தேடினார்கள், அவற்றில் எதற்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை என்ற பட்டியல் அது. மக்கள் எங்களிடம் நேரடியாகக் கேட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன, அவர்களுடைய சொற்களிலேயே. பதில் கிடைக்காத தேடல்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டு அந்தந்தப் பக்கத்தின் உரிமையாளருக்குப் போகின்றன. பதிலை எழுத்தாக, தேதியோடு, ஸ்கேன் செய்யாமல் அனுப்ப அவர்களுக்கு வெள்ளிக்கிழமை வரை அவகாசம்.